வெள்ளைக் கவுனில் இரண்டு பூ

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளையின் சட்டையைக் கையில் கொடுத்தால் போதும், அந்தப் பிள்ளை காலையிலிருந்து எந்த மரத்தில் ஏறியது, யார் வீட்டில் எதைத் தின்றது, எங்கே வழுக்கி விழுந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடுவாள். பின்பக்கம் சிவப்பு மண் என்றால் ஆற்றுக்கு இறங்குகிற குறுக்குப் பாதை. நெஞ்சில் மஞ்சளாகப் பிசுபிசுத்தால் பலாப்பழம். அதற்கு மேல் நாம் பொய் சொல்லிப் பயனில்லை, வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கித்துல்கலைக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் வெள்ளைக்காரத் தொரையுடையது; நாங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவில், அதாவது ஒற்றை அறையில் இருந்தோம், அவ்வளவுதான். அம்மா மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டப் போவாள்; அதைத்தான் மரம் வெட்டுவது என்போம். அப்பா ஸ்டோரில் வேலை. பாலை உறைய வைத்து, சீட்டு என்கிற தகடாக அழுத்தி, புகைபோட்டுக் காயவைக்கிற இடத்துக்குத்தான் எங்களூரில் ஸ்டோர் என்று பெயர். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். எனக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பதின்மூன்று, அந்த வருடம்தான் அவளும் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து, அம்மாவோடு மரம் வெட்டப் போக ஆரம்பித்திருந்தாள்.

கறை எடுப்பதில் அம்மாவை மிஞ்ச எங்கள் தோட்டத்து மூன்று லயத்திலும் ஆள் கிடையாது. இரத்தக் கறைக்கு உப்புப் போட்ட பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் பட்டால் தொலைந்தது என்பாள். பலாப்பாலுக்குத் தேங்காய் எண்ணெய். வெற்றிலைக் கறை, துருக் கறை, மை, இன்னும் பெயர் தெரியாத எந்தக் கறையாக இருந்தாலும் எலுமிச்சம்பழமும் உப்பும். தேய்த்து, கல்மேல் விரித்து, வெயிலில் போட வேண்டும். எங்கள் பக்கத்து வானத்தை நம்பி வெயிலில் போடுவது என்பதே ஒரு துணிச்சல்தான், அது வேறு கதை. கஜு என்கிற முந்திரிப் பழக் கறையைப் பார்த்தால் மட்டும் அம்மா சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "இது போவாது. இத போட்டுக்கிட்டே சாவு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ரப்பர் பாலுக்கு அவளிடம் வைத்தியம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. தேவையே வரவில்லை. நல்ல துணியோடு பால் காட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது சட்டம். வேலைக்குப் போகிற சீலையில் பால் பட்டால் பட்டதுதான்; அது காய்ந்து கறுத்து, அம்மாவின் வேலைச் சீலையைச் சுவரோரம் வைத்தால் தானாகவே நிற்கும் போலிருக்கும். அதை அவள் வெளுக்க முயன்று நான் பார்த்ததே இல்லை.

இப்போது கவுனுக்கு வருகிறேன். தொரை பங்களாவில் ஆயாவாக இருந்த ஒருத்தி எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரி. தொரையின் மகளைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பியபோது, சின்னதாய்ப் போன வெள்ளைக் கவுன் ஒன்றைத் தொரைசாணி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாளாம். ஆயா அதை எங்கள் லயத்து வேதக்காரக் குடும்பங்களுக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டாள். கழுத்தில் லேஸ், முதுகில் பன்னிரண்டு பொத்தான். அதிலிருந்து தோட்டத்தில் எந்தப் பெண் பிள்ளைக்குப் புதுநன்மை என்றாலும் அந்தக் கவுன்தான். வருடத்துக்கு ஒரு தடவை கேகாலையிலிருந்து சாமியார் வந்து பூசை வைத்து, வயது வந்த பிள்ளைகளுக்கு முதல் தடவை நன்மை, அதாவது நாக்கில் வைக்கிற வட்டமான வெள்ளை அப்பம், கொடுப்பார். உயரமான பிள்ளைக்குக் கீழ் மடிப்பைப் பிரித்துவிடுவார்கள், குட்டைப் பிள்ளைக்கு மடித்துத் தைப்பார்கள். பூசை முடிந்ததும் கவுன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, அடுத்த வருடம் வரை தகரப் பெட்டியில் பத்திரமாக வைப்பது அம்மாவின் பொறுப்பு. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இல்லை.

அக்கா அதைப் போட்டதில்லை. அவள் புதுநன்மை வாங்கின மறுவருடம்தான் கவுன் வந்தது. அவள் அம்மாவின் பழைய வெள்ளைச் சீலையை வெட்டித் தைத்த ஒரு பாவாடையோடு போய் வந்தவள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததோடு சரி.

அந்த வருடம் என் முறை. கோயில் உபதேசியார் மாலைகளில் எங்களை உட்காரவைத்து செப மந்திரம் சொல்லிக்கொடுத்தார். ஆத்துமா ஒரு வெள்ளைத் துணி, பாவம் அதில் விழுகிற கறை, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் கறை போய்விடும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "எந்தக் கறைங்க ஐயா? கஜுக் கறையின்னா போவாதே" என்று கேட்டேன். அன்று முழுக்க முழங்காலில் நிற்க வேண்டியதாயிற்று. நான் கிண்டல் செய்ததாக அவர் நினைத்துவிட்டார். எனக்கு அது உண்மையான சந்தேகம்.

பூசைக்கு முந்தின திங்கட்கிழமை அம்மா கவுனை எனக்குப் போட்டுப் பார்த்து, கீழே நான்கு விரற்கடை மடித்துத் தைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் தகரப் பெட்டியும் மட்டும். எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? எடுத்துப் போட்டுக்கொண்டேன். கைக்கு எட்டின நாலு பொத்தானைப் போட்டேன். போட்டபின் காம்பராவுக்குள் நடப்பதற்கு இடம் போதவில்லை. லயத்துக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன, நடுவில் நேரான பாதை. கைகூப்பிக்கொண்டு நடக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. மரவள்ளிக் கிழங்கை மெல்லிசாக ஒரு வட்டம் நறுக்கி, அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். நன்மை வாங்குவதற்கு ஒத்திகை.

கண்ணை மூடிக்கொண்டு நடந்ததுதான் தப்பு. நாலாவது மரத்தில் இடுப்பு இடித்தது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டை நிறையப் பால். அது ஆடி, ஒரு வாய் பால் கவுனின் இடுப்பில் வழிந்தது.

வெள்ளைத் துணியில் வெள்ளைப் பால். பார்த்தால் தெரியவே இல்லை, ஈரம்தான் தெரிந்தது. அப்போதே மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு ஓடிப்போய் அதில் காட்டியிருந்தால் பால் தன் பாட்டில் போயிருக்கும். ஆனால் நான் அம்மாவின் மகள் அல்லவா? காம்பராவுக்குள் ஓடினேன். கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அறுத்து, உப்பைத் தொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன். பால் திரிந்து திரிந்து விரலில் நூலாக வந்தது. கறை கழன்று வருகிறது என்று நினைத்து இன்னும் நன்றாகத் தேய்த்தேன். காய்ந்தபின் பார்த்தால் அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது; தொட்டால் மட்டும் தடிப்பாக, இழுத்தால் இழுபட்டது. அது போதும் என்று மடித்துப் பெட்டியில் வைத்தேன். மரவள்ளி வட்டத்தையும் தின்றுவிட்டேன். சாட்சி இருக்கக் கூடாது அல்லவா!

சனிக்கிழமை விடியும்போதே மழை. மழை நாளில் மரம் வெட்டமாட்டார்கள், அதனால் எல்லாரும் வீட்டில். அன்று சாயங்காலம் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்பார், ஞாயிறு காலை பூசை. மத்தியானம் அம்மா ஒரு செம்பில் தணலை அள்ளிப் போட்டு, கவுனைத் தேய்ப்பதற்காக எடுத்து விரித்தாள்.

இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. தவிட்டு நிறத்தில், ஓரமெல்லாம் கறுத்து. நெஞ்சில் லேஸுக்குக் கீழே இன்னொரு கறை, இரண்டு விரல் அளவு. ஒரு இடத்தில்தானே பட்டது, மடித்து வைத்ததில் அந்தப் பக்கமும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். பயத்தில் இருக்கிறவளுக்குக் கணக்குச் சரியாக வருமா?

அம்மா கறையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். எழுந்துபோய் கூடையைப் பார்த்தாள்.

"மூணு எலுமிச்சம்பழம் வச்சிருந்தேன். ஒண்ணுதான் கெடக்கு. யாரு?"

நான் எடுத்தது ஒன்றுதான். அம்மா தப்பாக எண்ணியிருக்கிறாள் என்று அப்போதும் ஒரு கோணல் யோசனை ஓடியது. வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அடுப்புப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நான்தாம்மா."

"நீயா?"

"பால் கையோட தொட்டுட்டேன். அப்பறம் எலுமிச்சம்பழம் தேச்சேன்."

அம்மா அவள் முதுகில் இரண்டு வைத்தாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது. "சின்னவ செஞ்சா ஒரு நியாயம். நீ மரம் வெட்டுற புள்ள, ஒனக்குமா தெரியாது? நாளைக்கு இவ எதப் போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போவா? வர்ற வருசம் மத்த வீட்டுக்காரவங்களுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டு, அம்மா அழுதாள். கறையைப் பார்த்து அம்மா அழுததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

அக்கா அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள், செவ்வாய்க்கிழமை நான் காட்டுக்குள் போனதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. அவ்வளவு புத்திசாலி நான்! வாயை மூடிக்கொண்டேன்.

தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தாள் அம்மா. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். கறை அப்படியே இருக்க நாற்றம் மட்டும் வந்தது. சவுக்காரம் போட்டு அந்த நாற்றத்தைப் போக்கவே அரை மணி நேரமாயிற்று. அதுவரை வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்த அப்பா உள்ளே வந்து கவுனை வாங்கி, கறையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அது இழுபட்டுத் திரும்பியது.

"புளிப்பு பட்டுருக்குல்ல, இனி போகாது" என்றார். "ஸ்டோர்ல நாங்க தெனமும் இதத்தானே செய்யிறோம். தொட்டியில பால ஊத்தி ஆசிட்ட விட்டா ஒறைஞ்சு போகும். எலுமிச்சம்பழமும் அதே வேலையத்தான் பாக்கும். துணிக்குள்ளயே சீட்டு அடிச்சு வச்சிருக்கீங்க."

"இத்தன வருசமா இத ஏன் வீட்டுல சொல்லல?" என்றாள் அம்மா.

"யாரு கேட்டா?"

அப்பா சொன்னதும் நியாயம்தான். எங்கள் வீட்டில் ஒருவர் பாலை எடுத்துக் கொடுப்பார், ஒருவர் அதை உறைய வைப்பார். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை மடித்துத் தைத்த கீழ் மடிப்பைப் பிரித்து, உள்பக்கத்துத் துணியை வெட்டி எடுத்தாள். அதில் பெரிதாக ஒரு பூ, சின்னதாக ஒரு பூ, ஐந்தைந்து இதழாக வெட்டினாள். பெரியதை இடுப்பில் வைத்துத் தைத்தாள், சின்னதை நெஞ்சில். "அடுத்த வருசம் குள்ளப் புள்ளையாத்தான் பாக்கணும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். நான் நூல் கோத்துக் கொடுத்தேன். அக்கா உதவிக்கு வந்தபோது, "நீ கிட்ட வராத. அந்தக் கைய அங்கிட்டு வை" என்றாள் அம்மா. அக்கா அடுப்படிக்கே போய்விட்டாள்.

சாயங்காலம் மழை விட்டது. கோயிலில் ஒரு பழைய சீலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் வெள்ளைக்காரச் சாமியார் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்: கவுன், சிரட்டை, எலுமிச்சம்பழம், மரவள்ளிக் கிழங்கு, அக்கா வாங்கின அடி. சாமியார் மரவள்ளிக் கிழங்கு வந்த இடத்தில் இருமினார். பிறகு தன் புத்தகத் தமிழில், "மகளே, உன் சகோதரியிடம் உண்மையைச் சொல்வாயா?" என்று கேட்டார். "சொல்றேன் சாமி" என்றேன். அபராதமாக மூன்று மந்திரம் கொடுத்தார். மூன்றையும் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லி முடித்தேன். அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது? எனக்காக அடி வாங்கினவளிடம் போய், "ஆமா, நான்தான்" என்று சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வையை நான் தாங்க வேண்டுமே! நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

ஞாயிறு காலை கவுனைப் போட்டேன். அம்மா தலைக்குப் பூ வைக்க வெளியே ஏதோ பறித்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பொத்தான் எனக்கு எட்டவில்லை. "அக்கா, பொத்தான் போட்டுவிடு" என்றேன். அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "அம்மாவக் கூப்புடு" என்றாள். கையை எடுக்கவே இல்லை.

கோயிலில் எல்லாரும் பூவைத்தான் பார்த்தார்கள். தைத்தது ஏன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருடத்துப் பிள்ளையின் அம்மா, "எம் மகளுக்கு இன்னொரு பூ கூட வச்சுத் தாங்க" என்று கேட்டு வந்தாளாம். அதற்குப் பின்னால் எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பூக்களோடு நன்மை வாங்கினார்கள். கடைசியில் லேஸ் இற்றுப்போய்க் கவுனே கிழிந்தது. பூ இரண்டும் அப்படியே இருந்ததாக அம்மா சொல்வாள். அடியில் ரப்பர் அல்லவா!

நாளைக்குச் சொல்லலாம் என்று நான் விட்டதில் ஐம்பத்தைந்து வருடம் ஓடிப்போயிற்று. எனக்குக் கல்யாணமாகி இரத்தினபுரிப் பக்கம் போனேன். அக்கா அதே தோட்டத்தில்தான் வாழ்ந்தாள். வருடம் தவறாமல் கிறிஸ்மஸுக்கு அவளுக்கு ஒரு சீலை அனுப்புவேன். கடனை அடைக்கிற மாதிரி ஒரு நிம்மதி. நான் கும்பிட வேண்டிய புனிதவதி லயத்துக் காம்பராவில் இருக்கிறாள் என்று என் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வளர்த்ததில், பெரியம்மா வந்தால் அவர்கள் எழுந்து நிற்பார்கள். "எனக்கு மட்டும் என்னாத்துக்குடி வருசா வருசம்?" என்று அக்கா கேட்பாள். நான் சிரித்துச் சமாளிப்பேன்.

அவள் பேத்திக்குப் புதுநன்மை என்று போயிருந்தேன். கடையில் வாங்கின புதுக் கவுன், அதில் அந்தக் குட்டி முதல் நாளே எதையோ கொட்டியிருந்தாள். நானும் அக்காவும் பீலியில் உட்கார்ந்து அலசினோம். எலுமிச்சம்பழம் வேண்டுமா என்று அக்கா கேட்டாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: மரத்தில் இடித்தது, தேய்த்தது, அவள் எனக்காக அடி வாங்கினபோது வாயை மூடிக்கொண்டிருந்தது.

அக்கா துணியைக் கீழே போட்டாள். "இடுப்புக் கறை ஒன்னோடதா?" என்றாள். "அடி சண்டாளி! ரெண்டும் என்னோடதுன்னுல்ல நான் இத்தன காலமும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வியாழக்கெழம வேல முடிஞ்சு வந்து நானும் எடுத்துப் போட்டுப் பாத்தேன்டி. ஒங்க யாருக்கும் தெரியாம. ஒரு தடவ போட்டுப் பாக்கணும்னு ஆச. கைய நல்லாத்தான் கழுவுனேன், நகத்துக்குள்ள பால் இருந்திருக்கு. நெஞ்சுப் பக்கம் பிசுபிசுன்னுச்சு. எலுமிச்சம்பழத்த எடுத்துத் தேச்சேன். ஒன்னோட புதுநன்மைய நான்தான் கெடுத்தேன்னு எனக்கு எவ்வளவு நாள் தூக்கம் வரல தெரியுமா?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவளைவிட அதிகமாக அழுதேன்.

அவள் எனக்காக ஒன்றும் செய்யவில்லை. தன் தப்பைச் சொன்னாள், அடி வாங்கினாள், அவ்வளவுதான். அதை நினைத்து வருடாவருடம் சீலை அனுப்பினேனே என்று எனக்கு வருத்தமில்லை. நூறு அனுப்பியிருக்கலாம். அக்கா பேர் பதிந்து வேலைக்குப் போகிறவள், பெரியவள், அவளுக்கு வெள்ளைக் கவுன் என்னத்துக்கு என்று எட்டு வயதில் நான் நினைத்திருந்தேன். பதின்மூன்று என்பது எவ்வளவு சின்ன வயது என்று என் பிள்ளைகளுக்கு அந்த வயது வந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஞாயிறு காலையைத்தான் இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பொத்தான் போட்டுவிடச் சொன்னேன். அவள் வாசற்படியில் நின்று அந்தக் கவுனையே பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எடுக்கவே இல்லை. என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் அம்மாவைக் கூப்பிடப் போனேன்.